வி.எஃப்.டி. மந்திரப் பெட்டி இல்லீங்க

போன வாரம் காங்கேயம் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து போன். இந்தக் கோடையில் இது நான்காவது. வற்றிப்போன போர்வெல்லுக்கு ஹைட்ரோ ஃபிராக்சரிங் செய்ய வந்த வண்டி, டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு 100 எச்.பி. மோட்டார் மாட்டியிருந்தது. தோட்டத்து இலவச மின் சர்வீஸிலேயே வயரைக் கொடுத்து ஓட்டியிருக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போய், அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் எல்லாம் மோட்டார் நின்றுவிட்டது.

(ஃபிராக்சரிங் என்றதும் டெல்டாவின் எரிவாயுச் சங்கதியோ என்று பதற வேண்டாம். இங்கே வெறும் தண்ணீரை அழுத்திப் பாறை வெடிப்பைத் திறக்கிறார்கள், அவ்வளவுதான்.)

வண்டிக்காரர் என்னிடம் கேட்டது: "ஏனுங் சார், வி.எஃப்.டி. போட்டிருக்கேனுங். பாதி வேகத்துல ஓட்டுனா கரண்டு எட்டுல ஒரு பங்குதானுங்களே?"

வி.எஃப்.டி. என்பது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ். இந்த எட்டில் ஒரு பங்கைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அந்தக் கணக்கு மின்விசிறிக்கும், இறக்கை சுழன்று தண்ணீரை வீசும் சென்ட்ரிஃபியூகல் பம்புக்கும் உரியது. உங்கள் வண்டியில் இருப்பது பிளஞ்சர் பம்ப். ஒவ்வொரு தள்ளலுக்கும் இவ்வளவு தண்ணீர் என்று தள்ளியே தீரும். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதைப் பாறைதான் முடிவு செய்யும். அழுத்தம் குறையாதவரை, பாதி வேகத்தில் பாதி பவர். எட்டில் ஒன்று அல்ல, பாதி! அதிலும் மோட்டாருக்குள் ஓடும் கரண்டு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். மோட்டாரைக் குளிர்விக்கும் அதன் சொந்த விசிறியோ பாதி வேகத்தில்தான் சுற்றும். பிறகு வைண்டிங் கருகிவிட்டது என்று கடைக்காரரைத் திட்டுவீர்கள்.

கணக்கு சின்னது. அழுத்தத்தை பாரிலும், ஓட்டத்தை நிமிடத்துக்கு லிட்டரிலும் எடுத்துப் பெருக்கி 600-ஆல் வகுங்கள். 150 பார், 250 லிட்டர் என்றால் தண்ணீருக்குப் போவது மட்டும் 62.5 கிலோவாட். பம்ப், மோட்டார், டிரைவ் இழப்பெல்லாம் சேர்த்தால் லைனில் சுமார் 90 கேவிஏ (மின்சுமையின் அளவு). கிராமத்து டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் 63 அல்லது 100 கேவிஏ. ஏற்கெனவே பத்துத் தோட்டத்து மோட்டார் அதில் தொங்குகிறது. அப்புறம் ஃபியூஸ் ஏன் போகாது?

வி.எஃப்.டி. உதவும், சொல்லிக் கொடுத்தால். பாறை உடையும் வரை அழுத்தம் ஏறும். உடைந்ததும் சட்டென்று இறங்கும். டிரைவில் பவர் லிமிட் வைத்தால், அழுத்தம் ஏறும்போது ஓட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், உடைந்த பிறகு வேகம் கூட்டும். அமெரிக்காவின் ஷேல் (எண்ணெய், எரிவாயு எடுக்கும் களிப்பாறை) வயல்களில் ஒரே இடத்தில் 20, 30 மெகாவாட் இழுக்கும் மின்சார பம்புகளுக்கும் இதே அடிப்படைதான். அங்கே கரண்டு தரும் ஜெனரேட்டர்களில் ஒன்று நின்றுவிட்டால் பம்புகளின் வேகத்தை உடனே குறைக்கிறார்கள். இல்லாவிட்டால் மற்ற ஜெனரேட்டர்களும் வரிசையாக நின்றுவிடும்.

டிரைவ் இல்லாமல் நேரடியாக ஸ்டார்ட் செய்கிறவர்களுக்கு: அந்த மோட்டார் கிளம்பும்போது ஆறு மடங்கு கரண்டு, அதாவது 500 கேவிஏ-க்கு மேல் கேட்கும். 125 கேவிஏ ஜெனரேட்டர் மூச்சுத் திணறித்தான் போகும். பம்பில் அழுத்தம் ஏறாமல் தண்ணீரை வெளியே விடும் பைபாஸ் வால்வைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். டிரைவ் இருந்தாலும், அது கரண்டு அலையில் உண்டாக்கும் கோணல் (ஹார்மோனிக்ஸ்) ஜெனரேட்டரின் ஆல்டர்னேட்டரைச் சூடாக்கும்; ஜெனரேட்டரை ஒரு படி பெரிதாகவே எடுங்கள். சேற்றில் நின்று வேலை பார்க்கும் பையன்களுக்காக எர்த் அடித்து, எர்த் லீக்கேஜ் பிரேக்கரும் போடுங்கள்.

தோட்டக்காரர்களே, இலவச சர்வீஸ் பாசனத்துக்கு மட்டும்தான். வண்டிக்காரர் வயரோடு வந்தால், "ஜெனரேட்டர் எங்கீங்க?" என்று கேட்டுவிட்டு கேட்டைத் திறங்கள்.