வங்கத்துக் குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக் கரைந்தது எப்படி?

வங்கதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் குளத்து நீரைக் குடித்த குழந்தைகள் காலராவாலும் வயிற்றுப்போக்காலும் மடிந்துகொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க, 1970களிலிருந்து லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. கிருமிகளுக்கு அஞ்சித் தோண்டிய அந்தக் கிணறுகளில் ஆர்சனிக் இருக்குமா என்று அன்று யாரும் சோதிக்கவில்லை. உள்ளங்கையும் பாதமும் தடித்து, உடலெங்கும் கரும்புள்ளிகளோடு வந்த நோயாளிகளிடம் ஆர்சனிக் நஞ்சேறியிருப்பதை 1983இல் கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா கண்டறிந்தார். 1988 முதல் ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியலாளர் தீபங்கர் சக்ரவர்த்தி ஊர் ஊராகச் சென்று கிணற்று நீரையும், மக்களின் முடியையும் நகத்தையும் சேகரித்து ஆராய்ந்தார். பின்னர் வங்கதேசத்தில் 3,500க்கும் மேற்பட்ட கிணறுகளில் நடந்த பெரிய ஆய்வில், 150 மீட்டருக்கும் குறைவான ஆழமுள்ள கிணறுகளில் 27 விழுக்காடு, லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற அந்நாட்டு வரம்பைத் தாண்டியிருந்தது தெரியவந்தது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்போ 10 மைக்ரோகிராம்தான்.

இந்த ஆர்சனிக்கை எந்த ஆலையும் கொட்டவில்லை. இமயத்திலிருந்து ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த வண்டலில் அது இயல்பாகவே இருக்கிறது. அதுவும் ஒரு கிலோ மண்ணில் சில மில்லிகிராம் என்ற சாதாரண அளவில்தான். ஆகவே மண்ணில் ஆர்சனிக் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வியைவிட, அது எதனோடு ஒட்டியிருக்கிறது, எப்போது பிடி தளர்கிறது என்ற கேள்விதான் வேதியியலாளர்களுக்கு முக்கியமானது.

முதலில் இரண்டு விளக்கங்கள் எதிரெதிரே நின்றன. பாசனத்துக்காக நீரை மிகுதியாக இறைத்ததால் நீர்மட்டம் தாழ்ந்து, காற்று உட்புகுந்து, பைரைட் என்னும் இரும்புச் சல்பைடு கனிமம் சிதைந்து ஆர்சனிக் வெளிவந்தது என்பது ஒன்று. அப்படி நடந்திருந்தால் ஆர்சனிக்கோடு சல்பேட்டும் நீரில் மிகுந்திருக்க வேண்டும். ஆனால் ஆர்சனிக் மிகுந்த கிணறுகளில் சல்பேட் மிகக் குறைவாகவும், கரைந்த இரும்பும் பைகார்பனேட்டும் அதிகமாகவும் இருந்தன. 1998இல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை இத்தகைய சான்றுகளை முன்வைத்து, நடந்தது இதற்கு நேர்மாறானது என்று வாதிட்டது.

மணல் துகள்களின் மேல் துரு போன்ற இரும்பு ஆக்சைடு படலம் இருக்கிறது. அதன் பரப்பில்தான் ஆர்சனிக் ஒட்டிக்கிடக்கிறது. வண்டலோடு புதைந்த இலைதழை போன்ற கரிமப் பொருளை நுண்ணுயிரிகள் உண்ணும்போது அங்குள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. உணவைச் சிதைக்கையில் வெளிப்படும் எலக்ட்ரான்களை ஏற்க ஏதாவது ஒன்று வேண்டுமென்பதால், சில நுண்ணுயிரிகள் ஆக்சிஜனுக்குப் பதிலாக அந்த இரும்பிடம் எலக்ட்ரான்களைத் தள்ளுகின்றன. அவற்றைப் பெற்ற இரும்பு கரையக்கூடிய வடிவத்துக்கு மாறுகிறது. படலம் கரையும்போது அது பிடித்துவைத்திருந்த ஆர்சனிக்கும் நீரில் இறங்குகிறது. மேற்கு வங்க வண்டலைக் காற்றுப் புகாமல் அடைத்து ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தபோது, நுண்ணுயிரிகள் இரும்பை மாற்றிய பிறகே ஆர்சனிக் வெளிவந்தது என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது.

இந்த விளக்கத்தைக் கிணறு தோண்டுபவர்கள் கண்ணாலேயே சரிபார்க்க முடியும் என்பதுதான் என்னை மிகவும் கவர்கிறது. இரும்புப் படலம் சிதையாத மணல் செம்பழுப்பாக இருக்கும், அங்கே ஆர்சனிக் பெரும்பாலும் குறைவு. படலம் கரைந்துபோன மணல் சாம்பல் நிறமாக இருக்கும், அங்கே ஆபத்து அதிகம். நிலத்தடிப் படிவுகள் சில பத்து மீட்டருக்குள்ளேயே மாறிவிடுவதால் ஒரு வீட்டுக் கிணறு நஞ்சாகவும் பக்கத்து வீட்டுக் கிணறு நல்லதாகவும் இருப்பதுண்டு. ஆகவே ஒவ்வொரு கிணற்றையும் தனித்தனியாகச் சோதித்து, நஞ்சுள்ளதற்குச் சிவப்பும் மற்றதற்குப் பச்சையும் வண்ணம் பூச வேண்டியிருந்தது.

அளவிடுவதிலும் இதே வேதியியல் குறுக்கிடுகிறது. கிணற்று நீரைப் புட்டியில் பிடித்து அப்படியே வைத்தால், காற்றுப் பட்டதும் கரைந்த இரும்பு மீண்டும் துருவாகப் படிந்து ஆர்சனிக்கையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் சோதிக்கும் ஆய்வகம் குறைவான எண்ணைச் சொல்லிவிடும். அதனால்தான் மாதிரி எடுத்த இடத்திலேயே அதில் அமிலம் சேர்க்கிறார்கள். நீரைச் சுத்திகரிக்கும்போதோ இதே படிதல் உதவியாகிறது. வங்கதேசத்தில் பிறந்த வேதியியலாளர் அபுல் ஹுஸாம் உருவாக்கி, 2007இல் கிரெய்ஞ்சர் பரிசு பெற்ற சோனோ வடிகட்டியில் ஆர்சனிக்கைப் பிடித்துவைப்பது இரும்புதான். நீரைக் குடத்தில் தெளியவிட்டாலே போதும் என்று சொல்ல முடியாது. ஏனெனில் நீரிலுள்ள பாஸ்பேட் இரும்பின் பரப்பில் ஆர்சனிக்கின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இதே மாற்றம் நெல் வயலிலும் நிகழ்கிறது. நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்து, இரும்பு கரைந்து, ஆர்சனிக் ஆர்சனைட் வடிவில் வேரை அடைகிறது. மின்னூட்டமற்ற அந்த மூலக்கூறை நெல், தனக்குத் தேவையான சிலிக்கனை உறிஞ்சும் வழியிலேயே உள்ளே எடுத்துக்கொள்கிறது. வயலை இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சினால் அரிசியில் ஆர்சனிக் குறைகிறது. ஆனால் மண்ணில் காட்மியம் என்ற நச்சு உலோகமும் இருந்தால், காய்ந்த நாட்களில் அது கூடுதலாகப் பயிரில் ஏறும். ஆகையால் எந்த வயலுக்கு எந்த நீர்ப்பாசன முறை பொருந்தும் என்பதை முடிவுசெய்யும் முன் ஆர்சனிக், காட்மியம் இரண்டையும் அளந்தாக வேண்டும்.