வாசல் போல இருக்கிறதே என்று நுழைந்துவிடாதீர்கள்

பீடத்தின் மேல் நிற்கும் சிலையில் யாரும் சாய்வதில்லை. தள்ளி நிற்க வேண்டும் என்று பீடமே உணர்த்திவிடும். ஆனால் வாசல் நிலை, வளைவு, படி, நடைகூடம் என அருங்காட்சியகக் கட்டடத்தின் உறுப்புகளையே வடிவமாக எடுத்துக்கொள்ளும் இன்றைய சிற்பங்களுக்குப் பெரும்பாலும் பீடம் இருக்காது. தரையிலேயே நிற்கும், சில சமயம் சுவரோடு ஒட்டியும் இருக்கும். சிற்பங்களைச் செப்பனிட்டுப் பாதுகாக்கும் தொழிலில் இருக்கும் எனக்கு அதிகக் கவலை தருபவை இவைதான். பார்வையாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். வாசலைக் கண்டால் நுழைவது காலுக்குப் பழக்கம்.

பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்ப் 1927இல் பாரிஸில் தன் வீட்டில் ஒரே கதவை இரண்டு வாசல் நிலைகளுக்குப் பொருந்தும்படி அமைத்தார். ஒன்றை மூடினால் இன்னொன்று திறந்துகொள்ளும். பின்னாளில் கலைப்பொருளாகிவிட்ட அந்தக் கதவு 1978இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது, பெயின்டர்கள் அதைக் கட்டடத்தின் கதவு என்று நினைத்து வண்ணம் பூசிவிட்டார்கள். சிரிப்பு வருகிறது, சரி. ஆனால் எது கலை, எது கட்டடம் என்று அவர்களுக்குச் சொல்லிவைப்பது காட்சியை அமைப்பவர்களின் வேலை. காவலர்களுக்கு மட்டும் சொன்னால் போதாது, துடைப்பவரும் பெயின்டரும் எலக்ட்ரீஷியனும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சில படைப்புகளில் ஆபத்து ஆளுக்குத்தான். போர்த்துகலின் போர்ட்டோ நகரில், செரால்வெஸ் அருங்காட்சியகத்தில் 2018இல் சிற்பி அனிஷ் கபூரின் படைப்பு ஒன்றில் பார்வையாளர் விழுந்து அடிபட்டார். தரையில் பூசிய கறுப்பு வட்டம் போலத் தெரிந்தது, உண்மையில் சுமார் 2.5 மீட்டர் ஆழக் குழி.

பொருளுக்கு வரும் சேதம் பெரும்பாலும் இவ்வளவு நாடகமாக நடப்பதில்லை. பிரிட்டிஷ் சிற்பி ரேச்சல் வைட்ரீட் ஓர் அறையின் உட்புறத்தையே, கதவும் ஜன்னலும் பதிந்திருக்க, பிளாஸ்டரில் வார்த்த படைப்பு 1990ஐச் சேர்ந்தது. பூச்சில்லாத பிளாஸ்டர் விரலின் எண்ணெயையும் வியர்வையையும் உறிஞ்சிக்கொள்ளும். ஈரத்துணியால் துடைத்தால் கறை இன்னும் உள்ளே இறங்கும். வாசல் வடிவங்களில் முதலில் கறுப்பது இடுப்பு உயரத்து விளிம்புகள்தான்: கை படுகிற, பை உரசுகிற இடம்.

கொரியக் கலைஞர் டோ ஹோ சு துணியால் செய்த வீடுகள் சிலவற்றுக்குள் நடந்தே போகலாம். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே விதி கிடையாது. காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். அப்புறம், செல்ஃபிக்காகப் பின்னால் நகரும்போது திரும்பிப் பாருங்கள்.

மீறி எதாவது பட்டுவிட்டால், பயந்து நழுவிவிடாமல் அப்போதே காவலரிடம் சொல்லுங்கள். உதிர்ந்த துணுக்கைக் கையில் எடுக்காதீர்கள், கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். துடைப்பம் வருவதற்குள் அது எங்களுக்குக் கிடைத்தால், பெரும்பாலும் பழைய இடத்திலேயே ஒட்டிவிடுவோம்.