மனசு விட்டுப்போகும் முன் கணக்கு நோட்டைப் பாருங்கள்

"மனசு விட்டுப்போச்சுங்க சார். மெசினை வித்துப்போட்டு எங்கயாவது வேலைக்குப் போயிரலாம்னு இருக்கேனுங்க."

திருப்பூரில் ஆடிட்டராக இருக்கும் எனக்கு இது பழகிய பேச்சு. அன்று இதைச் சொன்னவர் பதினாறு பவர் டேபிள் (தையல் மெசின்) போட்டு ஜாப் ஒர்க், அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை, செய்பவர். காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால் இரவு பத்துக்குத்தான் பூட்டுவார். அவரிடம் போய் இன்னும் முயற்சி செய்யுங்கள் என்று எப்படிச் சொல்வது? தினமும் செல்போனில் தன்னம்பிக்கைப் பேச்சு கேட்கிறாராம். அந்தத் தெம்பு வெள்ளிக்கிழமை வரை தாங்கும், சனிக்கிழமை சம்பளத்தை நினைத்தால் போய்விடும் என்றார்.

பில் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஆர்டர் குறையவில்லை, கூலியிலும் நஷ்டமில்லை. ஒரே ஒரு கம்பெனி நான்கு மாத பில்லை நிறுத்தி வைத்திருந்தது. அதைச் சமாளிக்கத் தண்டல் வாங்கியிருந்தார். கையில் கிடைத்தது 8,500 ரூபாய், கட்ட வேண்டியது தினம் 100 ரூபாயாக 100 நாள். ஆயிரத்து ஐந்நூறுதானே என்று தோன்றும். ஆனால் மறுநாளிலிருந்தே அசலும் சேர்ந்து திரும்பிப் போவதால், ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. இப்படி ஒன்றல்ல, நான்கு தண்டல். அவர் உழைப்பெல்லாம் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

உதயம் என்ற அரசுப் பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை செய்பவருக்கும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பில்லில் உதயம் எண்ணை அச்சடிக்கக்கூட நம்மவர்கள் பலர் தயங்குகிறார்கள். கேட்டால் ஆர்டர் போய்விடும் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். அதனால்தான் ஒரே கம்பெனியை நம்பி இருக்காதீர்கள் என்று எல்லாரிடமும் மன்றாடுகிறேன்.

அவரிடம், பால், ஐஸ்கிரீம் விற்கும் ஹட்சன் கம்பெனியின் நிறுவனர் சந்திரமோகனைப் பற்றிச் சொன்னேன். 1970இல் ராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலீட்டில் குச்சி ஐஸ் செய்யத் தொடங்கியவர். சென்னையில் பெரிய கம்பெனிகளோடு மோதிப் பல ஆண்டுகள் பெரிதாக வளர முடியவில்லை. ஐஸ்கிரீமை விட்டுவிடாமல், அவர்கள் எட்டிப் பார்க்காத சிறிய ஊர்களுக்குச் சரக்கைக் கொண்டுபோனார். தொழில் அதேதான், வாங்குகிற ஆட்கள்தான் வேறு.

என்னிடம் வந்தவர் ஆறு மெசினை விற்றார். அந்தப் பணத்தில் தண்டலை முடித்தார். பதினைந்து நாளில் பணம் தருகிற சின்ன ஆர்டர்களை, கூலி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று எடுத்தார். தினமும் இரவு பூட்டும் முன் பத்து நிமிடம் நோட்டு எழுதுகிறார். முதல் மாதம் மனைவிதான் எழுதினாராம்.

பழைய பாக்கியில் பாதி இன்னும் வரவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதைத் தனியாக எழுதி வைத்திருக்கிறார். சனிக்கிழமைச் சம்பளக் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை.