‘உள்ளே வெறும் மண்ணுதானுங்க’

நொய்யல் பக்கம் ஒரு தோட்டம். தென்னங்கன்று வைக்க மேட்டைச் சமப்படுத்தும்போது ஜேசிபியில் பெரிய பலகைக்கல் தட்டுப்பட்டது என்று எங்கள் தொல்லியல் குழுவுக்குத் தகவல் வந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கல்லைப் புரட்டி, உள்ளே இருந்ததையெல்லாம் வாரி வரப்போரம் கொட்டிவிட்டார்கள். தோட்டக்காரர் நல்ல மனிதர். குடிக்க மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தங்கம் கிங்கம் ஒண்ணுமில்லைங்க சார். உள்ளே வெறும் மண்ணுதானுங்க."

நாங்கள் தேடிப் போனதே அந்த மண்ணைத்தான்.

அது ஒரு கல்பதுக்கை. பெருங்கற்கால மக்கள் தரைக்குள் குழி வெட்டி, நாலு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி, மேலே மூடுகல் போட்டு இறந்தவர்களுக்குக் கட்டிய அறை. பலகை ஒன்றில் இடுதுளை எனும் ஓட்டை இருக்கும். வெளியே சுற்றிலும் கல்வட்டம். பாண்டவர் குழி, வாலியர் வீடு என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். தெற்கே ஆதிச்சநல்லூரில் இறந்தவர்களைத் தாழி எனும் பெரிய மண்பானைகளில் வைத்துப் புதைத்தார்கள்.

இந்த அறைகளை நாங்கள் தோண்டுவதில்லை, சுரண்டுகிறோம் என்றே சொல்லலாம். சின்னக் கரண்டியும் பிரஷும்தான் கருவி. ஒரு பாசிமணி தெரிந்தால் கை நின்றுவிடும். எந்த ஆழம், எலும்புக்கு எந்தப் பக்கம், பக்கத்தில் என்ன பானை என்று அளந்து, வரைந்து, படம் எடுத்த பிறகுதான் அதைத் தொடுவோம். எடுத்த மண்ணையும் சலித்துப் பார்ப்போம்.

ஏன் இவ்வளவு பாடு? பழனிக்கு அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் அகழ்ந்த கல்லறை ஒன்றில், நாலு கால் வைத்த சாடிக்குள் சுமார் 2 கிலோ நெல் இருந்தது. கதிரியக்கக் கரிமக் கணிப்பில் அதன் காலம் கி.மு. 490 என்று வந்தது. அதே கல்லறையில், பழந்தமிழ் எழுத்தான தமிழ் பிராமி பொறித்த பிரிமனையும் (பானையைத் தாங்கும் வளையம்) கிடைத்தது. நெல்லும் எழுத்தும் ஒரே அறையில், கலையாமல் இருந்ததால்தான் எழுத்தின் காலத்தைப் பேச முடிந்தது. அந்தக் கணிப்பை ஏற்காத அறிஞர்களும் உண்டு. சரி, வாதிடவாவது ஆதாரம் இருக்கிறதே! யாராவது முன்பே கிளறியிருந்தால் வெறும் நெல், வெறும் பானை ஓடு.

உங்கள் நிலத்தில் பலகைக்கல்லோ தாழி விளிம்போ தெரிந்தால் வண்டியை நிறுத்துங்கள். உள்ளே இறங்காதீர்கள், கல் சரிந்தால் தப்ப முடியாது. கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ சொல்லுங்கள். சொல்வது குற்றமில்லை. மறைப்பதுதான் குற்றம்: 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் ஓராண்டு வரை சிறை.

அந்தத் தோட்டத்தில் இரண்டு நாள் மண்ணைச் சலித்தோம். செக்கச்செவேல் என்று சூதுபவளக் கல் மணிகள் கிடைத்தன. அறைக்குள் எங்கே இருந்தன என்று எழுத வேண்டிய கட்டத்தில், ‘வரப்போர மண்குவியல்’ என்று மட்டும்தான் எழுத முடிந்தது.