ஆசிரியையின் புருவம்

ஜெர்மன் வகுப்பில் சேர்ந்த முதல் மாதம். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து, ‘சிறுமி’ என்று ஒருமையில் சொல்ல வேண்டிய இடத்தில், பெண்பாலுக்கான ‘டீ’யை முன்னால் சேர்த்து ‘டீ மேட்ஷென்’ என்றாள். சிறுமி என்றால் பெண்பால்தானே? ஆனால் ஜெர்மனில் அது ‘டாஸ் மேட்ஷென்’; ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை, மூன்றாவதாக ஒரு பால். ஆசிரியை திட்டவில்லை. புருவம் மட்டும் சுருங்கியது. அதோடு அந்தப் பெண் பேசுவதையே நிறுத்திக்கொண்டாள்.

பேச்சு பாதி புரியாத வகுப்பில், முகத்தையும் குரலையும் வைத்துத்தான் மாணவர்கள் நிலைமையை ஊகிக்கிறார்கள். அங்கே சலிப்பு தெரிந்தால் ‘தப்பாகிவிடுமோ’ என்ற எண்ணம் உள்ளே ஓடத் தொடங்கும். ஒரு வாக்கியம் பேச, சொல், அதன் பால், வேற்றுமை, வினை வரும் இடம் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மனதில் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு மூளையில் இருக்கும் இடமோ கொஞ்சம். பயமும் அங்கேயே வந்து உட்கார்ந்தால் தெரிந்த சொல்லும் நழுவிப்போகும்.

இந்தப் பயத்தை அளக்க, எலைன் ஹார்விட்ஸும் சக ஆய்வாளர்களும் 1986-இல் 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். 1996-இல் ஹார்விட்ஸ் எழுதியது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது: அதே பயம் ஆசிரியர்களுக்கும் உண்டு. தாய்மொழி அல்லாததைக் கற்பிக்கிறவர் வாழ்நாள் முழுக்க அதன் மாணவரும்தானே. எதிர்பாராத கேள்வியில் மாட்டிக்கொள்வோமோ என்று அஞ்சினால், உரையாடலை விட்டுவிட்டு இலக்கணப் பயிற்சிக்குள் ஒதுங்கத் தோன்றும். நம் ஊர் ஆங்கில வகுப்புகளில் படித்தவர்களுக்கு இது புதிதல்ல.

சரி, ஆசிரியர் தன் உணர்ச்சியை மறைத்துவிட்டால்? 2003-இல் எமிலி பட்லர் குழு வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் மனதைக் கலக்கும் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேசினார்கள். ஒருவரிடம் மட்டும் உணர்ச்சியைக் காட்டாதிருக்கச் சொல்லியிருந்தார்கள். எதிரே இருந்தவரின் ரத்த அழுத்தமும் ஏறியது! இறுகிய முகமும் ஏதோ சொல்லத்தான் செய்கிறது.

மறைப்பதைவிட, தவறைப் பார்க்கும் விதத்தை மாற்றுவது உதவும். ‘கவனமே இல்லை’ என்று எடுத்துக்கொண்டால் எரிச்சல் வரும். ‘நியாயமான ஊகம்’ என்று எடுத்துக்கொண்டால் எரிச்சல் பெரும்பாலும் எழாது. மறைக்கவும் ஒன்றும் இருக்காது.

அடுத்த வாரம் எங்கள் ஆசிரியை அதே சொல்லுக்குத் திரும்பி வந்தார். “‘ஷென்’ என்பது செல்ல விகுதி. அது சேர்ந்தால் எதுவானாலும் டாஸ்தான். எனக்கே இது பிடிபட ரொம்ப நாள் ஆச்சு” என்றார்.

“அப்போ பூனைக்குட்டி?” என்று கேட்டாள் பக்கத்துப் பெண்.

“டாஸ் கெட்ஸ்ஷென்.”