மானியத்த நம்பி அட்வான்ஸ் குடுத்துராதீங்க

செங்கோட்டையில பேங்க் வீட்டுக்கடனுக்கு பத்திரம் பாத்து லீகல் ஒப்பீனியன் எழுதிக் குடுக்குற வக்கீல் நான், மொத மொதல்ல வீடு வாங்குறவங்க ஃபைல்தான் என் மேசையில அதிகம். சென்னைய விட ரொம்பக் குறைஞ்ச காசுக்கு நம்ம பக்கம் ரெண்டு ரூம் வீடு வாங்கிடலாம், அதனால எல்லை தாண்டி கேரளாவுல புனலூர், கொல்லம்னு வேலைக்குப் போறவங்க எல்லாம் திரும்ப இங்கதான் வீடு பாக்குறாங்க.

போன மாசம் ஒரு புருஷன் பொண்டாட்டி வந்தாங்க. அவரு புனலூர்ல பேக்கரி மாஸ்டர், அவங்க வீட்ல பீடி சுத்துறாங்க, ரெண்டு பேருக்கும் சேத்து மாசம் 28,000 வருது. 14 லட்சத்துக்கு வீடு பேசி நகைய அடகு வச்சு ஒரு லட்சம் அட்வான்ஸும் குடுத்துட்டாங்க. "அண்ணாச்சி, கவர்மெண்டு 2.67 லட்சம் தருதாம்லா, பத்திரச் செலவையும் மீதிப் பணத்தையும் அத வச்சு முடிச்சிரலாம்னு இருக்கோம்"னு சொன்னாரு. எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல, ஏன்னா அவரு சொன்ன 2.67 இருக்கே, அது 2015ல வந்த பழைய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தோட வட்டி மானியம், நம்மள மாதிரி குறைஞ்ச வருமானக்காரங்களுக்கு அது 2022 மார்ச் 31லயே முடிஞ்சு போச்சு, ஆனா டீக்கடையில இன்னும் உயிரோடதான் இருக்கு.

இப்ப நடக்குறது 2024 செப்டம்பர் 1ல ஆரம்பிச்ச 2.0. இதுல சொந்த இடத்துல கட்டுறவங்களுக்கு ஒரு பிரிவு, கடன் வாங்கி வீடு வாங்குறவங்களுக்கு வட்டி மானியம்னு இன்னொரு பிரிவு, இது ரெண்டையும் ஜனங்க ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறாங்க. வட்டி மானியத்துக்கு வருஷ வருமானம் 9 லட்சத்துக்குள்ள இருக்கணும், வீட்டு விலை 35 லட்சம், கடன் 25 லட்சம் இதுக்கு மேல போகக் கூடாது. கடன்ல முதல் 8 லட்சத்துக்கு மட்டும் 4 சதவீதம், அதுவும் 12 வருஷக் கணக்குக்குத்தான். அதிகபட்சம் 1.80 லட்சம், அத அஞ்சு தவணையா வருஷத்துக்கு ஒண்ணா தருவாங்க, அதாவது ஒரு தவணைக்கு 36,000. அதுவும் உங்க கைக்கு வராது, லோன் அக்கவுண்டுக்குப் போயி அசல்ல கழியும்.

இப்ப இவங்க கணக்கப் பாருங்க. 30 லட்சத்துக்குள்ள கடன்னா ரிசர்வ் பேங்க் விதிப்படி வீட்டு விலையில 90 சதவீதம் வரைக்கும் குடுக்கலாம், குடுத்தே ஆகணும்னு இல்ல. அப்படியே முழுசா குடுத்தாலும் 12.6 லட்சம், மீதி 1.4 லட்சம் நம்ம கையில இருந்து. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அது 1.26 லட்சம், அதுக்கும் கடன் கிடையாது. மொத்தம் 2.66 லட்சம். விதியப் பாருங்க, வராத மானியமும் வேணுங்கற பணமும் கிட்டத்தட்ட ஒரே தொகை! அட்வான்ஸா குடுத்த ஒரு லட்சம் போக மீதி 1.66 லட்சம் பதிவன்னைக்குத் தயாரா இருக்கணும், மானியம் அந்தப் பக்கமே எட்டிப் பாக்காது.

இதக் கேட்டதும் வீட்ட விக்கிறவரு ஒரு யோசனை சொன்னாராம், பத்திரத்துல 9.9 லட்சம்னு போட்டு அந்தம்மா பேர்ல பதிஞ்சிரலாம்னு. 2025 ஏப்ரல் 1ல இருந்து 10 லட்சம் வரைக்கும் உள்ள சொத்த பெண்கள் பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறைவு, அது உண்மைதான். ஆனா பேங்க் பத்திர விலையத்தான் பாக்கும், 9.9க்கு 90 சதவீதம்னா 8.91 லட்சம் கடன், 14 லட்சத்துக்கு மீதி 5 லட்சத்துக்கு மேல எங்க போவீங்க? 47,000 ரூபா மிச்சம் பிடிக்கப் போயி அஞ்சு லட்சத்துக்கு வட்டிக்காரன்கிட்ட நிக்கணும். பொய் விலை எழுதுறது தப்புங்கறது தனிக் கதை.

பேங்க்ல சம்பள சர்டிபிகேட் இல்லன்னு திருப்பி அனுப்பினா ஜனங்க நேரா ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போறாங்க, அங்க பேங்க விட 3 சதவீதம் கூட வட்டி கேக்கலாம். 12 லட்சத்துக்கு 3 சதவீதம்னா வருஷம் எவ்வளவு? 36,000. மானியத் தவணை அப்படியே அங்க போச்சு! பேக்கரியில கையில வாங்குற சம்பளத்த சில மாசம் அக்கவுண்டுல போட்டு வாங்குனா பேங்க்லயே பேசலாம், இத நான் பத்து பேருக்குச் சொன்னா ரெண்டு பேரு கேக்குறாங்க.

நம்ம எல்லையில வர்ற சிக்கல் தனி. குடும்பம்னா இந்தத் திட்டத்துல புருஷன், பொண்டாட்டி, கல்யாணம் ஆகாத பிள்ளைங்க. இவங்கள்ல யார் பேர்லயும் இந்தியாவுல எங்கயும் நிலையான வீடு இருக்கக் கூடாது. "எங்கயும்"ங்கறதுல கேரளாவும் சேரும். ஆரியங்காவுப் பக்கம் பொண்ணுக்கு சீதனமா எழுதிக் குடுத்த ரெண்டு சென்ட் ஓட்டு வீட்ட "அது மலையாளத்துல இருக்கு சார்"னு கணக்குல சேக்கவே மாட்டாங்க, ஆதார் எல்லாருக்கும் கேக்குறாங்கன்னு மறந்துடுறாங்க. அப்பா அம்மா பேர்ல வீடு இருந்தா பரவால்ல. போன 20 வருஷத்துல மத்திய, மாநில வீட்டுத் திட்டம் எதுலயாவது பணம் வாங்கியிருந்தா இது கிடையாது, கேரள அரசோட வீட்டுத் திட்டமான லைஃப் மிஷன்ல 4 லட்சம் வாங்குனவங்க இங்க வந்து இன்னொண்ணு எழுதலாம்னு நினைக்காதீங்க.

இன்னொண்ணு, செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்ப் பக்கம். அதனால சில மூலப் பத்திரம் மலையாளத்துல, கொல்லம் ஆண்டுல, அதாவது மலையாள வருஷக் கணக்குல இருக்கும், 1120னு பாத்தா 825 கூட்டிக்கோங்க, 1945 கிட்ட வரும். அத ‘ஆதாரம்’னு சொல்லுவாங்க, ஒரு பெரியவர்கிட்ட ஆதாரம் கொண்டாங்கன்னு சொன்னேன், ஆதார் கார்ட நீட்டுனாரு. பேங்க் பெரும்பாலும் 30 வருஷம்தான் பாக்கும், ஆனா பாகப்பிரிவினை அந்தக் காலத்துல இருந்து வந்தா மொழிபெயர்ப்பும் வாங்கித்தான் ஆகணும், அதுக்கு ரெண்டு வாரம் ஆகும்னு அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடியே தெரியணும்.

கடன் வாங்குன பிறகும் ஒரு கண்ணி இருக்கு. சீட்டு விழுந்துச்சுன்னு சந்தோஷத்துல மொத்தமா அசலக் கட்டிடாதீங்க, ஒவ்வொரு தவணை வரும்போதும் கடன் ஓடிக்கிட்டு இருக்கணும், அசல்ல பாதிக்கு மேல பாக்கி இருக்கணும், இல்லன்னா அந்தத் தவணை வராது. மானியம் வாங்கித் தரேன் பத்தாயிரம் குடுங்கன்னு வர்ற ஆளுங்ககிட்ட ஒரு ரூபா குடுக்க வேண்டாம், பேங்க் வழியாவோ ஆன்லைன்லயோ நீங்களே போடலாம்.

அந்தப் பேக்கரி மாஸ்டர், வீட்ட விக்கிறவர்கிட்ட பேசி அக்ரிமெண்ட்ட ஆறு மாசம் நீட்டிக்கிட்டாரு, சம்பளம் இப்ப அக்கவுண்டுல ஏறுது. வீடு அந்தம்மா பேர்லதான் வாங்கப் போறாங்க, முழு விலை எழுதி.