சட்டையைக் கொளுத்தினால் விக்கல் நிற்குமா?

"விக்கல் எடுக்கிறபோது யாராவது பயமுறுத்தினால் நின்றுவிடுகிறதே, அது நிஜமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இதைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்த ஒருவர் இருந்தார். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரைச் சேர்ந்த ஜமீன்தார் ஜான் மிட்டன் (1796–1834). ஊரார் வைத்த பெயர் 'பித்துக்குளி ஜாக்'.

குழந்தையாக இருக்கும்போதே பெரிய சொத்துக்கு வாரிசானவர். நரி வேட்டை, குதிரைப் பந்தயம், சூதாட்டம், போர்ட் ஒயின் என்று அதைக் கரைத்தார். நாடாளுமன்றத்துக்குப் போக வாக்காளர்களுக்குப் பத்துப் பவுண்டு நோட்டுகளாக அள்ளி வீசினார். போன பிறகு அங்கே அரை மணி நேரம்தான் உட்கார்ந்திருந்ததாகப் பேச்சு. (காசு கொடுத்து ஓட்டு வாங்குவதை நாம் கண்டுபிடிக்கவில்லை.) வளர்ப்புக் கரடி மேல் ஏறி விருந்துக்கு வந்து அதனிடம் கடியும் வாங்கினார். கடன் முற்றி பிரான்சின் கலே நகருக்கு ஓடினார். அங்கே ஒரு இரவு படுக்கப்போகும் நேரத்தில் விக்கல். "பயமுறுத்தி விரட்டுகிறேன் பார்" என்கிற மாதிரி மெழுகுவர்த்தியை எடுத்துத் தன் இரவுச் சட்டையில் பற்றவைத்துவிட்டார். உடனிருந்தவர்கள் அடித்து அணைத்தார்கள். உடம்பெல்லாம் தீக்காயம். விக்கல் மட்டும் நின்றுவிட்டது!

எப்படி? மூச்சு இழுக்கும்போது, நுரையீரலுக்குக் கீழே உள்ள தசையான உதரவிதானம் கீழே இறங்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். விக்கலில் அது சொல்லாமல் கொள்ளாமல் வெட்டி இழுக்கிறது. காற்று உள்ளே பாய்கிறது. ஆனால் சுமார் 35 மில்லி விநாடிக்குள் குரல்நாண்களுக்கு நடுவிலுள்ள வாசல் படாரென்று மூடிக்கொள்கிறது. அந்தக் கதவடைப்புதான் 'விக்'. வயிறு உப்பினாலோ மது எரிச்சலூட்டினாலோ வேகஸ் நரம்பு மூளைத்தண்டுக்குச் சேதி சொல்கிறது. அங்கிருந்து ஃப்ரெனிக் நரம்பு வழியாக உதரவிதானத்துக்கு உத்தரவு வருகிறது. பாட்டில் பாட்டிலாகக் குடித்த மிட்டனுக்கு விக்கல் வந்ததில் அதிசயமே இல்லை.

எனக்கு அதிசயம் அந்தக் கதவுதான். மூச்சை இழுத்துக்கொண்டே மூச்சுக்குழலை மூடுவானேன்? வாசற்கதவைத் திறந்து விருந்தாளியை அழைத்துவிட்டு அவர் முகத்திலேயே அறைந்து சாத்துவது போல. இதற்கு உருப்படியான பயன் நமக்கு இல்லை; தலைப்பிரட்டைக்கு உண்டு. அதற்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. வாய் நிறையத் தண்ணீரை இழுத்துச் செவுள் வழியே தள்ளும்போது, நுரையீரலுக்குள் தண்ணீர் போகாமல் இருக்க அந்த வாசலை மூடியே ஆக வேண்டும். இழு, மூடு, அதே தாளம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் தலைப்பிரட்டையின் செவுள் தாளம் அடங்குகிறது. மூச்சை அடக்கி கார்பன் டை ஆக்சைடை ஏற்றினால் நம் விக்கலும் அடங்குகிறது. பேக்லோஃபென் என்ற மருந்துக்கும் இரண்டும் கட்டுப்படுகின்றன. நீரிலிருந்து கரையேறிய மூதாதையரின் பழைய நரம்புச் சுற்று ஒன்று நம் மூளைத்தண்டில் மிச்சமிருக்கிறது என்று 2003இல் சில ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். கருதுகோள்தான், நிரூபணம் அல்ல. ஆனாலும் கருப்பையில், நீருக்குள் மிதக்கும் சிசுவும் விக்குகிறது என்பதை நினைத்தால் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

வாசகிக்குப் பதில்: பயந்தால் திக்கென்று மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம், தாளம் தடுமாறுகிறது. குளிர்ந்த தண்ணீரும் ஒரு வாய்ச் சர்க்கரையும் தொண்டையிலுள்ள நரம்புகளைச் சீண்டிவிடுகின்றன. யாரோ நினைப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அப்படியிருந்தால் மிட்டனின் கடன்காரர்கள் அவரை ஒரு நாள்கூட விக்காமல் விட்டிருக்க மாட்டார்கள்.

இந்த வீட்டு வைத்தியங்களை ஒழுங்காகச் சோதித்த ஆய்வுகள் சொற்பம். விக்கலுக்கு யார் நிதி கொடுப்பார்கள்? அமெரிக்க மருத்துவர் பிரான்சிஸ் ஃபெஸ்மயர், நிற்காத விக்கலை ஆசனவாயில் விரல் விட்டு வேகஸ் நரம்பைத் தூண்டி நிறுத்தியதை 1988இல் எழுதினார். 2006இல் அதற்குக் கிடைத்தது சிரிப்புக்கான இக் நோபல் பரிசு. எனக்கென்னவோ அது நேர்மையான வைத்தியமாகத்தான் படுகிறது. நெருப்பைவிட விரல் எவ்வளவோ மேல்.

இங்கிலாந்து திரும்பிய மிட்டன் 1834இல், கடனைக் கட்டாதவர்களை அடைக்கும் லண்டன் சிறையில் இறந்தார், 37 வயதில். உங்கள் விக்கல் இரண்டு நாளைத் தாண்டினால் மெழுகுவர்த்தியைத் தேடாதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.